ஒரு வாளி புளித்தண்ணீரில் நூற்றிருபது கோதுகள்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில், ரயில் நிலைய வாசலில் ஒரு பொலிஸ்காரப் பெடியன் என் பையைத் திறந்து காட்டச் சொன்னான். லண்டனில் குண்டுப் பயம் வரும், போகும். வருகிற நாட்களில் இப்படி மறிப்பார்கள். பையில் சோற்றுப்பெட்டி, குடை, ஒரு பழைய பேப்பர், ஒரு வேர்னியர் அளவுகோல். அவன் அளவுகோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன?"

"அளக்கிறது."

"எதை அளக்க?"

நான் ஒரு பட்டறையில் பொருட்களின் அளவு சரிபார்க்கிறவன். அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "எல்லாத்தையும்" என்று சொன்னேன். அவன் இன்னொருமுறை என் முகத்தைப் பார்த்தான். பிறகு போகலாம் என்றான். மேடைக்குப் போய் உட்கார்ந்து, அளவுகோலைச் சோற்றுப்பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைக் கேட்கிறீர்கள். அங்கை ஒருத்தரும் மறிச்சுக் கேக்கமாட்டினம்தானே, நிம்மதிதானே என்று. நான் எப்போதும் ஓம் நிம்மதி என்றுதான் பதில் எழுதுவேன். உண்மையில் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் சந்தேகப்படாத கடிதமில்லை, சந்தேகப்படாத கதவுத்தட்டலில்லை. ஆனால் இங்கே சொல்லப்போவது மற்றவர்கள் என்னைச் சந்தேகப்பட்ட கதை இல்லை. என்னால் இன்னொருவன் மேல் சந்தேகம் விழுந்த கதை. எண்பதுகளின் கடைசியில் நடந்தது.

2

எட்மண்டனில், கால்வாய்க்குப் பக்கத்தில், பழைய செங்கல் கட்டடமொன்றில் எங்கள் பட்டறை. தண்ணீர்ப் பம்புகளுக்கு உதிரிப்பாகம் செய்வோம். முதலாளி மிஸ்டர் ஹார்வி, அறுபது வயது, மனைவி இறந்து தனியாக இருந்தவர். இரும்பு கடையும் லேத்தில் டெக்லன் என்றொரு ஐரிஷ்காரன், என்னைவிட இரண்டு வயது மூப்பு. மூன்றாவது ஆள் நான். கூட்டித் துடைக்கச் சேர்ந்தவனை, காங்கேசன்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பழகியவன் என்று அறிந்து, ஹார்வி அளவு பார்க்கும் மேசையில் இருத்தினார். தியாகராஜா என்ற பெயர் அவர்களுக்கு வாயில் வராது. ராஜ் என்பார்கள்.

எங்களுக்கு அப்போது நிரந்தர விசா இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மார்ச் மாதம் தவணை. அதற்கு வேலைகொடுத்தவரின் கடிதம் வேண்டும். இரண்டு வருடமாக அந்தக் கடிதத்தை ஹார்விதான் தந்தார். அதை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு, கோயில் திருநீற்றுப் பையோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருந்தோம். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அனுமதியும் சந்தேகம் என்று நான் நம்பினேன். சட்டம் உண்மையில் அப்படியா என்று கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

ஹார்விக்கு ஒரே ஒரு பைத்தியம். சனிக்கிழமைகளில் ரைபிள் கழகத்தில் குறிபார்த்துச் சுடுவார். லைசன்ஸ், பொலிஸ் பதிவு எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். கடையில் துப்பாக்கி ரவை வாங்கமாட்டார். சுட்ட பிறகு வெளியே விழும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து, வீட்டில் வெடிமருந்தும் ஈயச் சன்னமும் வைத்துத் தானே ரவை செய்வார். கோதுகளைச் சரிசெய்கிற வேலை மட்டும் பட்டறையின் பின்னறையில் நடக்கும். அங்கே ஒரு கை அமுக்கி, அதில் மாட்டுகிற அச்சு, கோது போட்டுவைக்கும் இரண்டு பிஸ்கட் டின்கள். மருந்து பட்டறைக்கு ஒருநாளும் வராது. பின்னறைப் பூட்டின் திறப்பு மூன்று பேரிடமும் இருந்தது, ஏனென்றால் தேத்தண்ணிக் கேத்தலும் அங்கேதான்.

முதல் நாள் அந்தக் கோதுகளைக் கண்டபோது கேத்தலை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். என்னைப் பரீட்சை பார்க்கத்தான் இதைத் திறந்த இடத்தில் வைத்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றப் போனால் அந்தப் பக்கம் திரும்பாமல் வருவேன்.

ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஆமி வாகனம் போகிறபோது மதில்களுக்கு மேலாகச் சுட்டுக்கொண்டு போனது. போன பிறகு ரோட்டுமணலில் பித்தளைக் கோதுகள் மினுங்கிக்கொண்டு கிடந்தன. பெண்டுகள் விளக்குமாறோடு ஓடிவந்து கூட்டி அள்ளி மலக்குழிக்குள் போட்டார்கள். மூன்றாம் வீட்டு சண்முகத்தார், தபால் கந்தோரில் வேலை செய்தவர், ஒன்றை எடுத்துத் தன் பென்சில் முனைக்கு மூடியாகப் போட்டார். பொருத்தமாக இருக்குது, பாருங்கோ என்று எனக்கும் காட்டினார். அடுத்த கிழமைச் சுற்றிவளைப்பில் அது அவருடைய சட்டைப்பையில் அகப்பட்டது. வரிசையில் நின்ற எங்களிடம், இது எங்கே இருந்து வந்தது தெரியுமா என்று கேட்டார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்றேன். இரண்டு மாதம் கழித்துச் சண்முகத்தார் வந்தார். ஒரு காது கேட்காது.

3

தை மாதம். பொங்கலுக்கு என் மனைவி மங்கை குத்துவிளக்கையும் செம்பையும் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் என்றால் புளியோடு சாம்பல். இங்கே சாம்பலுக்கு எங்கே போவது? உப்புப் போடுவாள். விளக்கு பொன்போல வந்தது.

ஹார்வி அந்தக் கிழமை கடலோர ஊரொன்றில் இருந்த தமக்கையைப் பார்க்கப் போயிருந்தார். போகும்போது, பேச்சோடு பேச்சாக, "வந்து அந்தக் கோதுகளை எல்லாம் சுத்தப்படுத்தவேண்டும், ராஜ். கரியும் புகையும். கை நோகும் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் கடிதத்துக்கு ஒரு நன்றி செய்யவேண்டும் என்று ஆசை. பேசி நன்றி சொல்ல எனக்கு வராது. பித்தளை பித்தளைதானே. மங்கை வாங்கிவைத்த புளிக்கட்டியில் பாதியை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு வாளியில் புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, இரண்டு டின்னையும் அதற்குள் கவிழ்த்தேன்.

அதில்தான் பிழை. ஒரு டின்னுக்குச் சிவப்பு மூடி, மற்றதுக்கு நீல மூடி. ஒவ்வொன்றிலும் அறுபது. எல்லாம் ஒரே கம்பனி, அடியில் ஒரே முத்திரை, பார்வைக்கு ஒரே உயரம். நான் கழுவித் துடைத்து, அடுப்புப் பக்கம் காயவைத்து, சரியாக அறுபது அறுபதாக எண்ணி இரண்டு டின்னிலும் போட்டுவைத்தேன். எண்ணிக்கை பிசகவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு திருப்தி.

டெக்லன் வாசலில் நின்று பார்த்தான். "என்ன மேன், சூப் வைக்கிறாயா?"

"புளி. பழம்."

"பழத்தில் தோட்டா கழுவுகிறாய். எங்கள் ஊரில் இதற்கு விஸ்கியை வீணாக்குவார்கள். உன் ஊர் பரவாயில்லை."

ஹார்வி திரும்பி வந்து டின்னைத் திறந்தவுடன் முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நகை மாதிரி இருக்கிறது" என்றார். பிறகு கேட்டார், "இரண்டையும் கலக்கவில்லைத்தானே?"

கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தையும் பார்த்தேன். எண்ணிக்கை சரி, முத்திரை ஒன்று, என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். "இல்லை" என்றேன்.

4

இரண்டு கிழமை கழிந்த திங்கட்கிழமை. ஹார்வி வந்த விதமே சரியில்லை. கோட்டைக் கழற்றாமல் பின்னறைக்குள் போனார், வந்தார், எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

சனிக்கிழமை அவருக்கு முக்கியமான போட்டி. அவருடைய கவுண்டி, அதாவது மாவட்ட, அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. நீல டின்னிலிருந்து இருபது கோதுகளில் ரவை செய்துகொண்டு போயிருக்கிறார். அதில் ஏழு ரவைக்கு ரைபிளின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் மூடவில்லை. குறித்த நேரத்துக்குள் சுடவேண்டிய இடத்தில், பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்து, மூடாமல், வெளியே எடுத்து... அணியில் இடம் போய்விட்டது. அந்த வயதில் இனி இன்னொரு முறை கேட்கமாட்டார்கள்.

"யாரோ என் அமுக்கியில் கை வைத்திருக்கிறார்கள்" என்றார். "அச்சைப் பூட்டும் வளையத்தில் நான் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். கோடு விலகி இருக்கிறது."

டெக்லன் ஒளிக்கவில்லை. "நான்தான். ஒரு பம்பின் புஷ் வளையம் உள்ளே போகவில்லை. உங்கள் அமுக்கியில் வைத்து ஒரு அமுக்கு. அச்சைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். இரண்டு நிமிடம்."

"என்னிடம் கேட்காமல்."

"நீங்கள் கடலோரத்தில் இருந்தீர்கள். கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது."

வேறொரு நாளென்றால் ஹார்வி சிரித்திருப்பார். ஆனால் முந்தின மாதம் டெக்லன் கேட்ட லீவை அவர் மறுத்து, இருவருக்கும் வாய்த்தர்க்கம் நடந்திருந்தது. அதை அவர் மனதில் வைத்திருந்தார் போல. டெக்லனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "கவலையீனமா, வேண்டுமென்றா என்று எனக்குத் தெரியவேண்டும்" என்றார். அடுத்த நாள் பின்னறைத் திறப்பைத் திருப்பிக் கேட்டார். என்னுடையதைக் கேட்கவில்லை.

எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் வேறு. புளி பித்தளையைத் தின்றிருக்குமோ, கோது மெலிந்து உருமாறிவிட்டதோ என்று. அன்று மாலை வீட்டில் குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்தேன். பத்து வருடம் புளி தின்ற விளக்கு. ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறுதலோடு படுத்தேன்.

5

புதன்கிழமை மத்தியானம் ஹார்வி என் மேசைக்கு வந்தார். கையில் நீல டின், மருந்தும் சன்னமும் கழற்றிய அந்த ஏழு கோதுகள், பூட்டுப் பெட்டியில் ரைபிள். குரலைத் தாழ்த்தி, "இவற்றை அளந்து பார். அச்சுத்தான் காரணம் என்று எனக்குக் கணக்கில் வேண்டும். டெக்லனுக்குச் சொல்லாதே" என்றார்.

என் பிழைக்கு இன்னொருவன்மேல் ஆதாரம் தேடும் வேலை என்னிடம் வந்தது. அப்போது அது என் பிழை என்று எனக்கு முழுதாகத் தெரியாது.

ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். மூடாத கோதொன்றைச் சுடரில் பிடித்துப் புகையால் கறுப்பாக்கினார். ரைபிளை நான் தொடவில்லை. அவரே கோதை உள்ளே விட்டு, போல்ட்டைப் பலமாக அமுக்கி மூடி, திரும்ப வெளியே எடுத்தார். எங்கே இறுக்கமோ அங்கே புகை உரசிப் பித்தளை தெரியும். தோளில், உடம்பு கழுத்தாக ஒடுங்கும் இடத்தில், ஒரு வளையம் தெரிந்தது, அடிப்பக்கம் இன்னொன்று. கழுத்தில் ஒன்றும் இல்லை.

"பார்த்தாயா?" என்றார். "அச்சு."

நான் கோதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அவருடைய அச்சு கழுத்தை மட்டும்தான் அமுக்கும். தோளையும் உடம்பையும் தொடாது. அதை எனக்குச் சொல்லித்தந்தவரே அவர். சுடும்போது கோது வீங்கி, ரைபிளின் அறைச் சுவரில் முட்டி, அந்த அறையின் வடிவத்தை எடுத்துவிடும். பிறகு அதே ரைபிளுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கழுத்தைச் சன்னம் பிடிக்கிற அளவுக்கு அமுக்கினால் போதும். முழுக்கோதையும் ஒவ்வொரு முறையும் அமுக்கினால் பித்தளை களைத்துப் பிளந்துவிடும் என்பார். இவ்வளவும் தெரிந்த மனிதர், டெக்லன்மேல் மனம் போய்விட்டதால் கறுப்பு வளையம் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். அச்சு பிழையென்றால் எல்லாக் கோதும் ஒரே மாதிரிப் பிழைத்திருக்கவேண்டும். இவை இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஒரு கூட்டம் அடிப்பக்கம் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு பருமன், தோளும் சற்று உயரம். மற்றது ஒடுக்கம். நடுவில் ஒன்றுமில்லை. நீல டின்னில் மிஞ்சியிருந்த நாற்பதில் பத்தொன்பது பருமன். மூடாத ஏழும் பருமன்.

ஒரே அளவு ரவை போடுகிற இரண்டு ரைபிள்கள் அவரிடம் இருந்தன. ஒன்று பழைய இராணுவத் துப்பாக்கி. சேற்றோடும் ரவை உள்ளே போகவேண்டும் என்று அறையைத் தாராளமாக வெட்டியிருப்பார்கள். மற்றது போட்டிக்கென்று புதுக் குழல் போட்டது, அறை இறுக்கம். சிவப்பு டின் பழையதுக்கு. நீலம் புதியதுக்கு. அதற்குத்தான் இரண்டு டின். அதற்குத்தான் கலக்கவில்லைத்தானே என்று கேட்டார்.

"எப்படி?" என்று நாலு மணிக்கு வந்து கேட்டார்.

"இன்னும் அளக்கிறேன்" என்றேன்.

6

அன்றிரவு, வாடகைக்காரர் எல்லோருக்கும் பொதுவான சமையலறையில், மங்கைக்குச் சொன்னேன். மகள் வாணி அங்கே மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் புளி உங்கடை வேலையோ? நான் பக்கத்து அறைக்காரியை எல்லோ நினைச்சன்" என்று மங்கை தொடங்கினாள். பிறகுதான் எதைக் கழுவினேன் என்பது அவளுக்கு உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தாள். "ரவைக்கோதோ? இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரோ?"

"வெறும் கோது. அது இங்கை குற்றமில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"ஹார்வி."

"அவர் வெள்ளைக்காரன். அவருக்குக் குற்றமில்லை. சண்முகத்தாற்றை பையிலை கிடந்ததும் வெறும் கோதுதான்."

 அவளே கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "உந்த ஐரிஷ்காரனுக்கு என்ன செய்வினம்?" என்றாள்.

"பொலிஸிலை துவக்கு லைசன்ஸ் பாக்கிற ஒரு ஒபிசர் இருக்கிறார். ஹார்வி அவரைக் கூப்பிடப் போறாராம். திங்கட்கிழமை வந்து டெக்லனோடை கதைப்பாராம்."

"கதைக்கட்டும். அவன் செய்யேல்லை எண்டால் விட்டுடுவினம். மார்ச் கடிதம் கைக்கு வரட்டும். பிறகு ஆறுதலாய்ச் சொல்லுங்கோ."

வாணி தலையை நிமிர்த்தாமல், "ஜஸ்ட் டெல் ஹிம், அப்பா. இட்ஸ் ஒன்லி எ மிக்ஸ்-அப்" என்றாள்.

"உனக்கு விளங்காது, பிள்ளை."

"ஐ அண்டர்ஸ்ராண்ட் டமில், அப்பா" என்றாள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். ஆறு வயதில் வந்தவள். நாங்கள் பயப்படுகிற நேரங்களில் அவள் எங்களைப் பார்க்கிற பார்வை, பேருந்தில் முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை.

வியாழக்கிழமை நான் வேறு ஏதேதோ அளந்தேன். டெக்லன் லேத்தில் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்தான். பாட்டில்லை, பகிடியில்லை. அந்த நாட்களில் லண்டனில் குண்டென்றால் பொலிஸ் முதலில் தேடுவது ஐரிஷ்காரரைத்தான். தேத்தண்ணி நேரத்தில் மட்டும் சொன்னான்: "திங்கட்கிழமை பொலிஸ் வருகிறதாம். என் ஐரிஷ் பெயரும் தோட்டாவும் ஒரே தாளில் வந்தால் போதும், ராஜ். ஒரு கிழமை உள்ளே வைத்துக் கேட்பார்கள். கேட்டு முடித்து மன்னிப்பும் கேட்கமாட்டார்கள்." அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்குச் சந்தேகமாக இருந்தது. தெரிந்துகொண்டுதான் சொல்கிறானோ? என்னைச் சொல்லவைக்கப் பார்க்கிறானோ? இப்போது யோசித்தால், அந்த அறையில் வேறு ஆள் இல்லை, அதனால் என்னைப் பார்த்தான்.

7

வெள்ளிக்கிழமை காலை ஹார்வியின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினேன். மூன்று வருடத்தில் நானாகத் தட்டியது அதுதான் முதல் முறை.

"கலந்தேன்" என்றேன். "இரண்டு டின்னும். ஒரு வாளியில்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடிவைத்தார். பிறகு, "டெக்லன் உன்னைச் சொல்லச் சொன்னானா?" என்றார்.

நான் எதிர்பார்த்தது கோபம். இது எனக்குத் தெரியாத வகை. உண்மையைச் சொல்லியும் அது உண்மையாகப் போகவில்லை.

"இல்லை."

"உனக்குப் பிள்ளை இருக்கிறது, ராஜ். பிறருக்காகப் பொய் சொல்லாதே."

 "சிவப்பு டின்னைத் தாருங்கள்" என்றேன். "நீலத்தில் இருபத்தாறு பிழை. மூடாத ஏழு, மிச்சத்தில் பத்தொன்பது. நான் கலந்திருந்தால் சிவப்பிலும் இருபத்தாறு பிழையாக இருக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதை யாரும் இன்னும் அளக்கவில்லை."

அவர் சிவப்பு டின்னைக் கொண்டுவந்தார். என் மேசையில் இருவரும் நின்றோம். நான் அளந்து பருமனானதை வலப்பக்கம், ஒடுக்கமானதை இடப்பக்கம் வைத்தேன். அவர் எண்ணினார். ஐம்பதாவது கோதில் ஒடுக்கமானவை இருபத்துமூன்று. அதன்பிறகு அவர் எண்ணும் சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அறுபது முடிந்தபோது இடப்பக்கத்தில் இருபத்தாறு நின்றன.

அவர் ஒன்றை எடுத்துப் புது ரைபிளில் விட்டார். போல்ட் விரலாலேயே மூடியது.

"நான் உன்னிடம் கேட்டேன்" என்றார்.

"ஓம், கேட்டீர்கள்."

"இல்லை என்றாய்."

"ஓம்."

அவர் அறைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். கதவு திறந்திருந்தது. திங்கட்கிழமை வரத் தேவையில்லை, ஒரு தவறு, என்னுடைய தவறு, டின் மாறிவிட்டது என்று அந்த ஒபிசருக்குச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விட்டாரா, அல்லது புளி கரைத்த ஆளிடம் தன் டின்களை விட்டதைச் சொல்ல வெட்கப்பட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மார்ச்சில் கடிதம் வந்தது. வாணி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். போன வருடத்துக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னேன். திகதி மட்டும்தான் வேறு என்றாள். அதற்குள்ளும் ஏதோ இருக்கும் என்று நான் கொஞ்சநாள் தேடினேன்.

போனை வைத்துவிட்டு ஹார்வி மேசை லாச்சியைத் திறந்து டெக்லனின் திறப்பை எடுத்தார். என் கையில் வைத்தார். "நீயே கொடு. நான் பிறகு அவனோடு பேசுகிறேன்."

8

லேத் ஓடிக்கொண்டிருந்தது. டெக்லன் என்னைக் கண்டு நிறுத்தினான். நான் திறப்பை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். சின்னச் சின்ன வசனங்களாகச் சொன்னேன். 

முடிந்ததும் சிரித்தான். "அப்படியென்றால் நீதானா அந்தப் பயங்கரவாதி. புளியும் உப்பும்."

"மன்னிக்கவேண்டும்."

"விடு. கிழவனுக்குத்தான் மூளை போய்விட்டது." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்: "எப்போது தெரிந்தது உனக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். இன்று காலை என்றும் சொல்லியிருக்கலாம். "புதன்கிழமை" என்றேன்.

அவன் துணியை மடித்தான். திரும்ப விரித்தான்.

"நேற்றுப் பின்னேரம் வீட்டுப் பின்வளவில் ஒரு வாளி வைத்து எரித்தேன்" என்றான். "என் தம்பியின் கடிதங்கள். செத்துப் பதினொரு வருடம். அதில் ஒன்றுமில்லை. மழை, மாடு, யார் யாரைக் கட்டினான், பந்து விளையாட்டில் யார் வென்றது. ஆனால் அங்கங்கே பகிடிக்கு ஏதாவது எழுதுவான், இராணி, பொலிஸ் என்று. யார் எப்படி வாசிப்பார்கள் என்று தெரியாது பார்." அந்தத் துணியால் தன் கண்ணாடியைத் துடைத்தான். "மனைவி வேண்டாம் என்றாள். நான்தான் கேட்கவில்லை."

எங்கள் ஊரிலும் சுற்றிவளைப்புக்கு முதல் நாள் இதைத்தான் செய்வோம். படங்கள், கொப்பிகள், பிள்ளைகள் எழுதிய கடிதங்கள். அதை அவனுக்குச் சொல்ல நினைத்தேன். சொன்னால் ஆறுதல் சொல்வதுபோல ஆகிவிடும். என்னிடம் ஆறுதல் வாங்க அவனுக்கு என்ன தேவை?

"எத்தனை?" என்று கேட்டேன். 

"எண்ணவில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டி."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேத்தைத் திரும்ப ஓடவிட்டான்.

அதன்பிறகும் நாலு வருடம் ஒரே பட்டறையில் வேலை செய்தோம். என்னோடு நல்ல மாதிரித்தான் இருந்தான். வாணிக்குப் பரீட்சை முடிந்தபோது ஒரு பேனை கொண்டுவந்து தந்தான். தம்பியைப் பற்றி மட்டும் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அவன் கடிதங்களை எரித்தது வியாழக்கிழமை பின்னேரம். புதன்கிழமை நான் கடைசிக் கோதை அளந்து வைத்தபோது மணி மூன்றே முக்கால். டெக்லன் அப்போது எனக்குப் பத்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, லேத்தில் நின்றான்.